மூக்குத்தி அம்மனும் எம் வீட்டு அன்னையரும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் சிலம்பும் கம்பனும் பயிலும் மாணாக்கர் விகடப் படமொன்றைக் குறித்துக் கல்லூரி மலரில் எழுதப் புகுதல் தகுமோ என எம் தோழர் ஒருவர் வினவினார். யாம் காரைக்குடிப் பக்கத்தேம். எம் ஊரில் திரைப்படம் விருந்தாளியன்று, வீட்டுப் பிள்ளை என்று விடையிறுத்தோம். காரைக்குடியிற் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார், சென்னைக் கோடம்பாக்கத்துக்கு 1948-இல் பெயர்வதன் முன்னர், தேவகோட்டை ரஸ்தாவிலேயே படப்பிடிப்பு நிலையம் அமைத்திருந்தார். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுக்கப்பெற்றது. 1948-இல் வந்த ‘வேதாள உலகமும்’ அத்தகையதே. அப்பக்கம் செல்லுந்தோறும், ‘இங்கேதான் அந்தக் கொட்டகை இருந்தது’ என்று கைகாட்டும் முதியோர் எம் ஊரில் இன்றும் உளர். அவருள் ஒருவர் ஒரு முறை கிழக்கேயும் மறுமுறை மேற்கேயும் காட்டினார் என்பது வேறு செய்தி.

யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட படம் ‘மூக்குத்தி அம்மன்’ என்பது. ஆர். ஜே. பாலாஜி, என். ஜே. சரவணன் என்னும் இருவர் இயக்கிய இப்படம் கோவிட் தொற்றின் காரணமாகத் திரையரங்குக்கு வாராது, 2020-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், தீபாவளியன்று, ஹாட்ஸ்டார் வழியாக நேரே வீடுகளுக்கு வந்தது. நாகர்கோயிலில் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றின் செய்தியாளன் ஏங்கல்ஸ் இராமசாமி. இப்பெயரிலேயே பாதி நகை அடங்கியுள்ளது. தந்தை குடும்பத்தை விட்டு நீங்கிவிட்டமையால், பாட்டனாரையும் அன்னையையும் தங்கையர் மூவரையும் அவனே தாங்குகின்றான். அன்னை பங்காரத்துக்குத் திருப்பதி சென்று வரவேண்டும் என்பதே பேராசை. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஓர் இடையூறு நேர்ந்து பயணம் நின்றுபோகின்றது. பின்னர்க் குலதெய்வத்தை மறந்தமையே காரணம் என்று கேட்டு, கவனிப்பாரற்றுக் கிடந்த மூக்குத்தி அம்மன் கோயிலுக்குச் செல்கின்றனர். அம்மன் ஏங்கல்ஸுக்குக் காட்சி தந்து, தன் கோயில் புகழ்பெறச் செய்ய வேண்டும் என்கிறாள். இஃதொருபுறம் நிற்க, பஞ்சவனம் என்னும் 11,000 ஏக்கர் நிலத்தை வளைக்க முயலும் பகவதி பாபா என்னும் போலித் துறவி ஒருவன் மறுபுறம். கதை இவ்வளவே. அம்மனாக நயன்தாராவும், அன்னையாக ஊர்வசியும், பாட்டனாராக மௌலியும் நடித்தனர்.

இப்படத்தைப் பற்றி யாம் கேட்ட கருத்துகள் பலவாம். பக்தியுடையார் சிலர், அம்மனை அண்டை வீட்டுப் பெண் போல் பேசவிட்டது அபசாரம் என்றனர். 1971-இல் வந்த ‘ஆதிபராசக்தி’யைக் கண்டு அரங்கிலேயே பெண்டிர் அருள்வந்து ஆடினர் என்றும், 2000-த்தில் வந்த ‘பாளையத்து அம்மன்’, ‘இராஜகாளி அம்மன்’ முதலியவற்றிலும் தெய்வத்துக்குச் சூலமும் சினமும் குறைவின்றி இருந்தன என்றும், இங்கோ அம்மன் வழக்காடுகின்றாள் என்றும் அவர் குறைகூறினர். பகுத்தறிவு பேசுவார் சிலர், இப்படம் கடவுளை விட்டுவிட்டுப் போலிச் சாமியாரை மட்டும் அடிக்கின்றது. இதற்கு இத்தனை ஆரவாரம் வேண்டா என்றனர். இந்தியில் 2012-இல் வந்த ‘ஓ மை காட்’, 2014-இல் வந்த ‘பீகே’ இவற்றின் நிழல் என்றார் மற்றுஞ் சிலர். இணையத்தில் ஐந்துக்கு இத்தனை விண்மீன் என்று அளந்து தந்தோர் தொகை எண்ணில. இவரனைவரும் பெரும்பாலும் ஆடவர். இருந்த இடத்தினின்றும் எழாமல் படத்தை முற்றும் கண்டவர். இக்குறிப்பைப் படிப்போர் மனத்திற் கொள்க. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

முதற்கண் பக்தியுடையார் கூறும் குறையை நோக்குவோம். தெய்வத்தோடு நகையாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. காளமேகத்தின் நிந்தாஸ்துதிகளை அறியாதார் யார்? மீனாட்சியம்மையைத் தொட்டிற் குழவியாக்கித் தாம் தாயாகிப் பாடிய குமரகுருபரரை எவரும் கடிந்ததுண்டோ? 1965-இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த ‘திருவிளையாட’லில், சிவபெருமானாக வந்த சிவாஜி கணேசனோடு தருமியாக வந்த நாகேஷ் பேசும் பகுதியே இன்றும் மக்கள் வாயில் நடமாடுகின்றது. நெருங்கியாரோடன்றி எவரும் விளையாடார். அஞ்சத்தக்க தெய்வத்துக்குச் சூலம் வேண்டும். வீட்டுக்கு வரும் தெய்வத்துக்கு உட்கார ஓர் இடம் போதும். குலதெய்வம் என்னும் சொல்லுக்கே அதுதான் பொருள் என எண்ணுகின்றோம். எம் காரைக்குடிக் கொப்புடையம்மனும் காதணியாகிய கொப்பினாற் பெயர்பெற்றவளே. மூக்குத்தியும் கொப்பும் அணிந்த தெய்வத்தை ஊரார் தம் வீட்டுப் பெண்ணாகக் கொள்வதில் வியப்பென்னை?

இனி எம்மவர் கருத்து. யாம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தோம். எம் சபையார் மாதாவைக்கூட வணங்கும் வழக்கினர் அல்லர். இப்படத்தை யாம் கண்டோம் என்றறிந்த சபை மூப்பர் ஒருவர், ‘விக்கிரகத்தைப் பற்றிய படத்தைக் கண்டு நகைத்தாயோ?’ என்று வருந்தினார். அவர் வருத்தம் மெய்யானது. அதனை யாம் எள்ளோம். ஆயினும் அவர்க்கு அன்று கூறாத விடையை இன்று இங்கே எழுதத் துணிகின்றோம். தமிழில் இவ்விரண்டையும், அதாவது அன்னைபால் அன்பையும் போலிக் குருவைப் பற்றிய நகையையும், ஒரே கையால் எழுதிக் காட்டியவர் ஒரு கிறிஸ்தவத் துறவியார். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவைக் குறித்துத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி எனத் தமிழ்ப் பெயரிட்டார். அவரே மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரோடு பரமார்த்த குருவைத் தெருவில் நடக்கவிட்டு நாட்டையே நகைக்கவைத்தார். அம்மனும் பகவதி பாபாவும் ஒரே படத்தில் வருவது முரண் என்பார், அவருடைய நூல்களை ஒரே அலமாரியில் வைக்கவும் கூசுதல் வேண்டும்.

அன்றியும், 1948-இல் சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்த ‘ஞானசௌந்தரி’யை இந்துக்கள் விலக்கினாரல்லர். மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்த பெண்ணுக்குத் தேவமாதாவின் அருளாற் கைகள் மீண்டும் வந்த கதை அது. அவ்வாண்டிலேயே ஜெமினி நிறுவனத்தாரும் அக்கதையை எடுத்தனரெனின், அதற்கு நாட்டில் இருந்த வரவேற்பு விளங்கும். பிறர் எம் கதைக்குக் கண்ணீர் விட்டனர். அவர் கதைக்கு யாம் நகைப்பது பாவமாகாது என்பது எம் துணிபு. பகவதி பாபாவைக் கண்டு நகைக்கும்போது மட்டும், எம் வேதத்தின் பெயராலும் மேடையேறிப் பணம் பறிப்பார் உளர் என்பதை மறவாது நகைத்தல் வேண்டும். இதனை மூப்பரும் ஒப்புவார், அவர் நேர்மையுடையவர்.

நிற்க. யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்தது இவ்வழக்கைத் தீர்ப்பதற்கன்று. கடவுள் உண்டு, இல்லை என்னும் பேச்சில் எல்லோரும் பங்காரத்தை மறந்துவிட்டனர். அது பற்றியே எம் மனத்தாங்கல்.

அமெரிக்காவில் 2014-இல் எர்வின் சகோதரர் இருவர் ‘மாம்ஸ் நைட் அவுட்’ என்றொரு கிறிஸ்தவக் குடும்ப விகடப்படம் எடுத்தனர். மூன்று சிறு குழந்தைகளின் தாயாகிய ஆல்லி என்பாள், தோழியரோடு ஒரே ஓர் இரவு வெளியே சென்று அமைதியாக உணவுண்ண விரும்புகின்றாள். குழந்தைகள் கணவர் பொறுப்பில் விடப்படுகின்றனர். அதன்பின் நேராத விபரீதமில்லை. ஆல்லி முடிவிற் காவல் நிலையத்தில் அமர்ந்திருக்கின்றாள். உடலெங்கும் பச்சை குத்திய முரட்டு மோட்டார் வண்டிக்காரன் ஒருவனே அவளுக்குத் தேவ அன்பை எடுத்துரைத்துத் தேற்றுகின்றான். பத்திரிகை விமரிசகர் பலர் இதனை இகழ்ந்தனர். பெண்ணுக்கு வீடே இடம் என்று கற்பிக்கின்றது என்பது அவர் கூறிய குற்றங்களுள் ஒன்று. திரையரங்கிற் கண்ட மக்களோ பெரிதும் விரும்பினர். தாய்மார் பலர், ‘இஃது எம் கதையே’ என்றனர்.

ஆல்லிக்கு ஓர் இரவு, பங்காரத்துக்குத் திருப்பதி. நாடு வேறு, சமயம் வேறு, உணவு வேறு. ஆயினும் கதை ஒன்றே. வீட்டிலுள்ளாள் ஒருமுறை வெளியே போக முயல்கின்றாள், வீடு அவளை விடமாட்டேன் என்கின்றது, நாம் நகைக்கின்றோம். தந்தை வீட்டை விட்டு நீங்குதற்கு இடையூறு ஒன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. தாய் நான்கு நாள் சென்று வருவதற்கே இத்தனை தடை.

இப்படம் வெளியான தீபாவளியன்று யாம் பள்ளி மாணாக்கராயிருந்தோம். எம் தெருவில் ஆச்சி ஒருவர் உளர். பெரிய வீடு, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் உண்டு, இருப்பவர் ஆச்சி ஒருவரே. மக்கள் மலேயாவிலும் சென்னையிலும் உள்ளனர். மகன் அமைத்துக் கொடுத்த தொலைக்காட்சியிற் படம் வருகின்றதென்று எம்மையெல்லாம் அழைத்திருந்தார். தெருப்பிள்ளைகள் ஆத்தங்குடித் தளத்தில் வரிசையாக அமர்ந்தோம். எம் அம்மாவும் வந்திருந்தார். ஆயினும், ஆச்சிக்கு உக்காரை கிளறக் கைகொடுக்க வந்தாரேயன்றிப் படம் பார்க்க வந்தாரல்லர் என்றே சொல்லவேண்டும். பங்காரம் திருப்பதிப் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது அம்மா அடுக்களைக்குப் போனார். பயணம் தடைப்பட்டபோது திரும்பி வந்தார். அம்மன் தோன்றும்போது அடுப்பில் நெய் காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை முறை எழுந்து சென்றார் என்பதை யாம் எண்ணவில்லை. எண்ணாமையே எம் குற்றம். விண்மீன் அளிப்பவருள் ஒருவரேனும் இவ்வாறு படம் பார்த்திருப்பாரோ?

ஓரிடத்தில் அம்மா கண்ணீர் வரும் வரை நகைத்தார். அஃது அம்மன் வரும் காட்சியன்று. பாபா வரும் காட்சியுமன்று. வீட்டார் எல்லோரும் ஒரே வேளையில் ஆளுக்கொன்று பேச, ஊர்வசி ஒருவர்க்கும் விடை கூறாமல் எல்லார்க்கும் விடை கூறுவது போல் விழிக்கும் பார்வையைக் கண்டு நகைத்தார். என்ன அம்மா என்றோம். ‘ஒன்றுமில்லை’ என்று முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலைப் பார்க்கச் சென்றார். ஊர்வசியின் நடிப்பை அறிஞர் பலர் பலவாறு புகழ்ந்துள்ளனர். எம் அம்மா எழுதிய விமரிசனம் அவ்வளவே.

ஆச்சியோ படம் முடியுமட்டும் ஒன்றும் பேசவில்லை. குலதெய்வத்தை மறந்ததனாலேதான் திருப்பதிப் பயணம் தடைப்பட்டது என்று சிறுவர் தம்முள் பேசிக்கொண்டிருந்தபோது, ‘சாமி எங்கப்பா தடுத்துச்சு? வீடுல்ல தடுத்துச்சு’ என்றார். பின்னர்த் தம் கதையைக் கூறினார். நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்து செல்வது பல நூற்றாண்டு வழக்கம் என்பதை அறிவீர்கள். ஆச்சியின் கணவர் ஆண்டுதோறும் நடந்தவர். ஆச்சி ஆண்டுதோறும் கட்டுச்சோறும், மாற்று வேட்டியும், காலுக்குப் பூச எண்ணெயும் எடுத்துவைத்து, வாசல்வரை வந்து வழியனுப்பியவர். மாமியார் படுக்கையில், பின்னர்ப் பேறுகாலங்கள், பின்னர்ச் சாவியை ஒப்படைக்க ஆளில்லை. இப்போது சாவியை எவரிடமும் கொடுக்கலாம். கால் நடக்கமாட்டேன் என்கின்றது. செவ்வாய்தோறும் கொப்புடையம்மன் கோயிலுக்கு மட்டும் தவறாமற் செல்கின்றார். ‘அவ பக்கத்துல இருக்கா, அதான்’ என்றார்.

யாம் அதுவரை, தொலைவிலுள்ள தெய்வத்தினும் அருகிலுள்ள குலதெய்வம் சிறந்தது என்பதை இப்படத்தின் கொள்கையாகக் கருதியிருந்தோம். ஆச்சியின் சொல்லால் வேறொரு பொருள் தோன்றிற்று. தொலைவிற் செல்ல விடப்படாதவர்க்கு அருகிலுள்ள தெய்வமே எஞ்சுகின்றது. குலதெய்வ பக்தியை இந்நாட்டில் அணையாது காத்தவர் பெண்டிர் என்பர். அதிற் பாதி அவர்தம் அன்பு. மறுபாதி அவர்க்கு வழிச்செலவு கொடுப்பார் இல்லாமை. இது கடுமையான சொல் என்பாருக்கு, தத்தம் வீட்டில் வினவிப் பார்க்குமாறு கூறுவதன்றி வேறு விடை எம்மிடமில்லை.

எம் வீடு இதற்கு விலக்கன்று. அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரியரைப் பற்றிப் பிரசங்கித்தார். பற்பல வேலைகளாற் கலங்கிய மார்த்தாளை ஆண்டவர் கடிந்துரைத்ததும், பாதத்தருகே அமர்ந்து கேட்ட மரியாளைப் புகழ்ந்ததும் எல்லாரும் அறிந்த செய்தி. அன்று பெரியப்பா குடும்பத்தார் எம் வீட்டுக்கு விருந்து வருவதாயிருந்தமையால், அம்மா கோயிலுக்குப் பிந்தி வந்தார். மார்த்தாள் கடிந்துரைக்கப்பட்ட பகுதி அதற்குள் முடிந்துவிட்டது. நல்லதாயிற்று. பிரசங்கத்தை முழுவதும் கேட்டவர் அப்பாவும் யாமுமே. மரியாளைப் போல் அமர்ந்து கேட்டோம். வீடு திரும்பி, மார்த்தாள் சமைத்ததை உண்டோம்.

லாசரு மாண்டபோது எழுந்து ஓடி எதிர்கொண்டவள் இந்த மார்த்தாளே. இயேசுவே தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டவளும் அவளே. யோவான் சுவிசேஷத்தில் 11-ஆம் அதிகாரத்தைப் படிப்போர் காணலாம். அடுத்த அதிகாரத்திலும் அவள் பந்தியிற் பரிமாறிக்கொண்டே இருக்கின்றாள். இவ்விரண்டையும் சேர்த்துப் பிரசங்கிப்பாரை யாம் இதுகாறும் கேட்டிலேம். இறையியல் பயிலும் நண்பர் எவரேனும் எம்மைத் திருத்துவாராயின் மகிழ்வோம்.

ஆகவே ‘மூக்குத்தி அம்மன்’ படத்தின்பால் எமக்குள்ள குறை, அம்மனைப் பற்றியதன்று. முற்பகுதியில் வீட்டுக்குள் நடந்த கதை, பிற்பகுதியில் மேடைக்கும் ஆசிரமத்துக்கும் போய்விட்டது. பேச்சு மிகுந்தது, நகை குறைந்தது. பாபாவை வெல்லுதல் எளிது. அவனை எவர் வேண்டுமாயினும் இனங்காணலாம். காவியுடையும் வஞ்சச் சிரிப்புமாகத் தொலைவிலேயே தெரிகின்றான். அவனைக் கண்டு நகைப்பார் ஒருவர்க்கும் தம் பழக்கத்தில் ஒன்றையும் மாற்ற வேண்டிய தேவையில்லை. படுக்கையினின்று எழாமலே நகைக்கலாம். பங்காரத்தைக் கண்டு நகைப்பது அத்தகையதன்று. அந்நகை சிறிது நேரத்தில் நகைப்பவன் தொண்டையில் நிற்கின்றது. இயக்குநர் இருவர் இவ்வரிய நகையைக் கையிற் பெற்றும் பாதியில் நழுவவிட்டனரே என்பது எம் வருத்தம். ஊர்வசி போன்ற நடிகையை வைத்துக்கொண்டு பாபாவைப் பேசவிடுதல், கரும்பைக் கட்டிவைத்துச் சக்கையைச் சுவைத்தலை ஒக்கும். ஆயினும் அம்முற்பகுதிக்காகவே இப்படத்தை அன்பர்கள் தத்தம் அன்னையரோடு காணலாம் என்போம்.

சென்ற விடுமுறையில் இப்படம் மீண்டும் தொலைக்காட்சியில் வந்தது. ஆச்சி வீட்டிலேயே கண்டோம். பால் பொங்கும் ஓசை கேட்டு அம்மா எழுந்தார். இம்முறை யாம் முந்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினோம். பாதிப் பால் அடுப்பிற் போயிற்று. துணி எங்கே, கரண்டி எங்கே என்று கூவிக்கொண்டிருந்தோம். கூடத்தில் ஆச்சியும் அம்மாவும் நகைக்கும் ஒலி கேட்டது. அது படத்தைக் கண்டா, எம்மைக் குறித்தா என்று யாம் வினவவில்லை.